பழைய ஐரிஸ் ஆர்வலர்களின் கூட்டத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஐரிஸ் என்பது கிழங்கிலிருந்து வளரும் ஒரு பூச்செடி. அதன் பழைய வகைகளைத் தேடிப்பிடித்து வளர்ப்பவர்கள் பூக்கும் பருவத்தில் ஒருமுறையும், கிழங்கு பிரிக்கும் பருவத்தில் இன்னொரு முறையும் கூடுவது வழக்கம். புதிதாக வருகிறவரை அங்கே யாரும் ஒதுக்குவதில்லை, ஒரு கேள்வி கேட்டால் போதும், பாத்தி பாத்தியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் எதை உயிராக மதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால்தான் அந்த நாள் முழுசாகப் பயன்படும். அவர்கள் உயிராக மதிப்பது பெயரை. 1840-களில் உருவான ஒரு ஐரிஸ் இன்றைக்கும் பூக்கிறது என்றால், அதைப் பிரித்துப் பிரித்துக் கைமாற்றிய ஒவ்வொருவரும் பெயரையும் சேர்த்துக் கொடுத்ததால்தான் அது இன்னதென்று நமக்குத் தெரிகிறது. பெயர்ச்சீட்டு தொலைந்தால் செடி சாகாது, பூத்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் யார் உருவாக்கினார், எந்த வருஷம், எதன் வழி வந்தது என்பதெல்லாம் அந்தச் சீட்டோடு போய்விடும். கீழே நான் சொல்லும் பெரும்பாலான விஷயங்களுக்குக் காரணம் இதுதான்.

எது பழையது?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, ஹிஸ்டாரிக் ஐரிஸ் பிரிசர்வேஷன் சொசைட்டி. 1920-ல் தொடங்கிய அமெரிக்கன் ஐரிஸ் சொசைட்டியின் ஒரு பிரிவாக 1988-ல் உருவானது. அவர்களுடைய கணக்கு எளிமையானது: ஒரு வகை வெளியிடப்பட்டு 30 வருஷம் ஆகிவிட்டால் அது பழைய ஐரிஸ். அதாவது எல்லைக்கோடு வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1979-ல் வந்த ‘பெவர்லி சில்ஸ்’, 1986-ல் வந்த ‘டஸ்கி சேலஞ்சர்’ இரண்டுமே இப்போது இந்தப் பட்டியலில்தான். நேற்று வந்த பூ என்று நினைத்தது பழைய பூக்களோடு நிற்பதைப் பார்த்துப் புதியவர்கள் திகைப்பது உண்டு, நீங்கள் திகைக்க வேண்டாம்.

பட்டியலின் மறுமுனையில் நிற்பவைதான் என் மனசுக்கு நெருக்கமானவை. பிரான்ஸில் லெமோன் என்ற தோட்டக்காரர் 1840-ல் வெளியிட்ட ‘ஹானராபிலே’, 1844-ல் வெளியிட்ட ‘மேடம் ஷெரோ’ இரண்டையும் எந்தக் கூட்டத்திலும் எதிர்பார்க்கலாம். ‘மேடம் ஷெரோ’வின் முன்னால் கொஞ்ச நேரம் குனிந்து நில்லுங்கள். வெள்ளை இதழ், ஓரம் முழுக்க ஊதா நூலால் தையல் போட்டது மாதிரி மெல்லிய கோடுகள், அந்தக் கோடுகள் உள்ளே போகப்போக மங்கி நடுவில் வெறும் வெள்ளையாகிவிடும். இதழ் அவ்வளவு மெல்லியது, வெயில் பின்னாலிருந்து பட்டால் நரம்பு தெரியும். இன்றைய ஐரிஸில் காணும் சுருக்கமோ தடிமனோ இதில் கிடையாது, தண்டு ஒல்லியாக நீண்டு காற்றுக்கு ஆடும்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போனால் தோட்டத்தில் பாதி விஷயம் புரிந்துவிடும். 19-ம் நூற்றாண்டின் உயரமான ஐரிஸ்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் பல்லிடா, வேரியகேட்டா என்ற இரண்டு இனங்களின் கலப்பு. அவற்றுக்கு 24 குரோமோசோம்கள். பிறகு துருக்கி, மேற்கு ஆசியப் பகுதிகளிலிருந்து வந்த பெரிய பூ ஐரிஸ்களுக்கு 48. அவற்றைக் கலந்து வளர்க்க ஆரம்பித்ததும் பூ பெரிதானது, இதழ் தடித்தது, தண்டு பருத்தது. 1917-ல் இங்கிலாந்தில் வந்த ‘டொமினியன்’ இந்த மாற்றத்தின் முக்கியமான புள்ளி. 1900-க்கு முந்தைய பாத்தியிலிருந்து 1930-களின் பாத்திக்கு நடந்து போனாலே இது கண்ணுக்குத் தெரியும். அதனால் தோட்டத்தை வருஷ வரிசையில் சுற்றிப் பாருங்கள், யாராவது உடன் வந்தால் அப்படிக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

எப்போது போவது

பூ பார்க்க வேண்டுமானால் வசந்தத்தில், கிழங்கு வாங்க வேண்டுமானால் கோடையின் நடுவிலிருந்து கடைசி வரை. இரண்டும் வேறு வேறு கூட்டங்கள். முதல்முறை என்றால் பூக்கும் காலத்தையே தேர்ந்தெடுங்கள், கிழங்கைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பூக்கும் காலம் என்பதிலும் வரிசை உண்டு. குள்ள வகைகள் முதலில், நடுத்தர உயரம் அடுத்து, உயரமான தாடி ஐரிஸ்கள் (கீழிதழின் மேல் தாடி மாதிரி மயிர்க்கற்றை உள்ளவை) கடைசியில். 70 சென்டிமீட்டருக்கு மேல் வளர்பவைதான் உயரமானவை என்று கணக்கு. பழைய வகைகளில் நீங்கள் தேடிப் போகிறவை பெரும்பாலும் இந்த உயரமானவையாகவோ, ‘ஹானராபிலே’ மாதிரி நடுத்தரமாகவோ இருக்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், அப்பர் மாண்ட்கிளேரில் இருக்கும் பிரெஸ்பி நினைவு ஐரிஸ் தோட்டம் 1927-ல் தொடங்கியது, பழைய வகைகளை வருஷ வரிசையில் பார்க்க அது நல்ல இடம், அங்கே மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பூக்கும். தெற்கே போகப்போகச் சீக்கிரம், வடக்கே தாமதம். குளிர் நீண்ட வருஷத்தில் எல்லாமே ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போகலாம், அதனால் கூட்டம் நடத்துபவர்களிடம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நேரம்? காலை. ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், அன்று காலையில் விரிந்த பூவில் இருக்கும் நிறம் மதியத்துக்குள் வெளுக்க ஆரம்பிக்கும். மணமும் காலையில்தான் தெளிவாக இருக்கும், பல்லிடாவின் மணத்தைத் திராட்சையோடு ஒப்பிடாதவர்களே இல்லை.

போவதற்கு முன்

பெரிய மாநாடு என்றால் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பேருந்தில் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப்போவார்கள், இருக்கை எண்ணிக்கை முன்பே முடிவாகிவிடும். உள்ளூர்ச் சங்கங்களின் சின்னக் கூட்டங்களுக்கு அப்படியெல்லாம் இருக்காது, உறுப்பினராக இல்லாதவர் வரலாமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் வரலாம் என்பார்கள்.

கையில் ஒரு நோட்டு, பென்சில், தொப்பி, நனைந்தாலும் பரவாயில்லாத செருப்போ ஷூவோ. பெரிய தோள்பையைத் தவிர்த்துவிடுங்கள், குறுகலான நடைபாதையில் திரும்பும்போது பின்னால் நிற்கும் தண்டை முறித்துவிடும். அந்தத் தண்டில்தான் அந்த வருஷத்தின் ஒரே பூ இருக்கக்கூடும்.

அப்புறம், வீட்டில் பெயர் தெரியாத ஒரு ஐரிஸ் இருந்து, அது என்னவென்று கேட்கும் எண்ணத்தில் போகிறீர்கள் என்றால், அதற்கான தயாரிப்பைத் தனியாகச் சொல்கிறேன். புதியவர்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், பெரும்பாலும் கையில் ஒரே ஒரு படத்தோடு.

பெயர் தெரியாத செடியைக் காட்டப்போகிறவர்கள்

ஒரு பூவின் முகத்தை மட்டும் படமெடுத்து வந்தால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மஞ்சள் மேலிதழும் மெரூன் கீழிதழும் கொண்ட வகைகள் எத்தனையோ, ஊதா வகைகள் அதைவிட அதிகம். என்னென்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

பூ நேராக, பக்கவாட்டில் என்று இரண்டு படம். கீழே தொங்கும் மூன்று இதழ்களில் ஒன்றை மெதுவாகத் தூக்கி அதன் கழுத்துப் பகுதியைக் கிட்டத்தில் ஒரு படம். தாடி முடிந்து பூவுக்குள் போகும் இடத்தில் கோடுகள் உண்டா, என்ன நிறம், தாடியின் நுனி என்ன நிறம், உள்ளே போனபிறகு என்ன நிறம், இதெல்லாம் அதில் தெரிய வேண்டும். புதியவர்கள் விட்டுவிடுவதும் தெரிந்தவர்கள் முதலில் கேட்பதும் இந்தக் கழுத்துப் படத்தைத்தான்.

முழுத் தண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து. கிளை எங்கே பிரிகிறது, எத்தனை கிளை, எத்தனை மொட்டு என்பது பூவின் நிறத்தைவிட நம்பகமான அடையாளம். மொட்டைச் சுற்றியிருக்கும் உறை, பூ விரியும் நேரத்தில் பச்சையாக இருக்கிறதா காய்ந்து காகிதம் போல இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளிக் காகிதம் போலக் காய்ந்திருந்தால் பல்லிடாவின் வழி வந்திருக்கலாம். கடைசியாக இலை மண்ணிலிருந்து கிளம்பும் இடம், அங்கே ஊதாச் சாயல் சில வகைகளுக்கு மட்டுமே உண்டு.

நிறத்துக்குக் கேமராவை நம்பாதீர்கள். நீல-ஊதா நிறங்கள் படத்தில் வேறாக விழுகின்றன, கடும் வெயிலில் இன்னும் மோசம். மேகமூட்டமான நேரத்தில் எடுங்கள், கண்ணுக்கு என்ன நிறமாகத் தெரிந்தது என்று உடனே நோட்டில் எழுதுங்கள். பூத்த தேதி, மணம் உண்டா, அக்கம்பக்கத்தில் அப்போது வேறு எந்த ஐரிஸ் பூத்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செடி எங்கிருந்து வந்தது என்ற விவரம் இவை எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த வீடு எப்போது கட்டியது, செடியை யார் வைத்தார், எந்த வருஷத்துக்கு முன்னால் அது நிச்சயமாக அங்கே இருந்தது? ‘1950-க்கு முன்பே இருந்தது, பழைய புகைப்படத்தில் தெரிகிறது’ என்று ஒரு வரி சொன்னால் அதற்குப் பிறகு வந்த வகைகள் எல்லாமே ஒரே அடியில் விலகிவிடும்.

இவ்வளவும் கொண்டுபோனாலும் பதில் ‘போலத் தெரிகிறது’ என்றுதான் வரலாம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹானராபிலே’வும் ‘சான்ஸ் சூசி’யும் ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்கப்பட்டுவந்த கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவர் ஊகித்துச் சொன்னதை அடுத்தவர் சீட்டில் எழுதிவிட்டால் அதைத் திருத்தப் பல வருஷம் ஆகும். பெயர் வைத்துப் பூத்திருக்கும் செடியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பெயர் எழுத வேண்டும். அதுவரை ‘பெயர் தெரியாதது, இன்ன இடத்திலிருந்து, இன்ன வருஷம்’ என்று எழுதி வையுங்கள். அப்படி எழுதியிருப்பதை அங்கே யாரும் குறைவாக நினைப்பதில்லை, மதிக்கவே செய்வார்கள்.

தோட்டத்துக்குள்

பூவைப் பறிக்கக் கூடாது, வாடிய பூவைக்கூடக் கிள்ளக் கூடாது. யார் எதைக் கலப்பதற்காக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, தண்டில் ஒரு சின்ன நூல் கட்டியிருந்தால் அது அநேகமாக யாரோ செய்த மகரந்தச் சேர்க்கை. பெயர்ச்சீட்டை மண்ணிலிருந்து உருவிப் படிக்காதீர்கள். படிக்க முடியவில்லை என்றால் குனியுங்கள், இல்லை உரிமையாளரைக் கேளுங்கள். இரண்டு சீட்டை உருவி மாற்றிச் செருகிவிட்டால் இரண்டு வகை ஒரே நாளில் தொலைந்துபோகும்.

சீட்டில் பெயர், உருவாக்கியவர், வருஷம் இருக்கும், கூடவே டி.பி., ஐ.பி., எஸ்.டி.பி. என்று ஏதாவது எழுதியிருக்கும். வரிசையாக உயரமானது, நடுத்தரம், குள்ளம். படமெடுக்கும்போது முதலில் சீட்டு, பிறகு பூ. எப்போதும் இதே வரிசையில் எடுத்தால் வீட்டுக்கு வந்து எந்தப் பூ எது என்று குழம்ப மாட்டீர்கள்.

எதைப் பார்ப்பது என்று கேட்டால் என் பரிந்துரை, ஐம்பது வகையை ஓடி ஓடிப் பார்ப்பதைவிடப் பத்து வகையை நின்று பாருங்கள். ‘வாபாஷ்’ இருந்தால் விடாதீர்கள். 1936-ல் வந்தது, மேலிதழ் சுத்த வெள்ளை, கீழிதழ் ஆழ்ந்த ஊதா, அந்த ஊதாவைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வெள்ளை ஓரம். 1940-ல் டைக்ஸ் பதக்கம் வாங்கியது, ஐரிஸ் உலகில் அதற்கு மேல் விருது இல்லை. 1909-ன் ‘குவேக்கர் லேடி’ இதற்கு நேர் எதிர், புகை படிந்த மங்கலான இளம் ஊதாவும் செம்பு மஞ்சளும் கலந்த நிறம், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பக்கத்தில் போனால் நகர மனசு வராது. ‘ஃப்ளோரன்டினா’ என்ற சாம்பல் வெள்ளை ஐரிஸும் பெரும்பாலும் இருக்கும், வாசனைத் தொழிலில் இதன் கிழங்கையும் காயவைத்துப் பயன்படுத்தினார்கள், பச்சைக் கிழங்கில் மணம் இருக்காது, காய்ந்து வருஷக்கணக்கில் கிடந்தபிறகுதான் வயலட் பூவின் மணம் வரும்.

பேச்சுக்கொடுப்பது எப்படி

‘உங்களுக்குப் பிடித்தது எது’ என்று கேட்டால் எல்லாமே பிடிக்கும் என்பார்கள். ‘இது உங்களிடம் எப்படி வந்தது’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும், இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டின் வேலியோரம் தோண்டியது, கல்லறைத் தோட்டத்தில் அனுமதி வாங்கி எடுத்தது, கடல் கடந்து ஒரே ஒரு கிழங்காக வந்தது என்று. கேட்டதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அந்தச் செடி உங்கள் கைக்கு வந்தால் இந்தக் கதையும் அதோடு வர வேண்டும்.

புதிய வகைகளை மட்டம் தட்டிப் பேசாதீர்கள். பழையதை வளர்க்கிறவர்களில் நிறையப் பேர் புதியதையும் வளர்க்கிறார்கள்.

கிழங்கு வாங்கும்போது

பூக்கும் நேரத்தில் யாராவது ‘உங்களுக்கு ஒன்று தருகிறேன்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு, பெயரையும் அவர் தொடர்பையும் எழுதிக்கொள்ளுங்கள், அங்கேயே தோண்டச் சொல்லாதீர்கள். பூத்து முடிந்து ஆறு வாரம் போல ஆனபிறகுதான் பிரிப்பதற்கு நல்ல காலம்.

விற்பனை நாளில் கிழங்குகள் மண் உதிர்த்து, இலையை விசிறி போல 15 சென்டிமீட்டருக்கு வெட்டி அடுக்கியிருப்பார்கள். இலையின் மேலேயே மார்க்கரால் பெயர் எழுதியிருக்கும், அந்த இலையைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள். கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். எங்காவது கொழகொழப்பாக அமுங்கினாலோ நாற்றம் வந்தாலோ அது பாக்டீரியா அழுகல், வேண்டாம். கிழக்கு அமெரிக்காவில் துளைப்புழுத் தொல்லை உண்டு, கிழங்கில் துளையோ இலை ஓரத்தில் அரித்த அடையாளமோ இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

முதல்முறையே இருபது வாங்காதீர்கள். நான்கைந்து வாங்கி ஒழுங்காகப் பெயரோடு வளர்ப்பதுதான் பழைய வகைகளுக்கு நீங்கள் செய்யும் நல்லது. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது, அதை ஏற்பாடு செய்ய நாள் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்தபிறகு

கிழங்கின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளும் நாயும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணிநேரம் வெயில் விழும் இடம், தண்ணீர் தேங்காத மண். நடுவில் மண்ணைக் கூம்பு போலக் கூட்டி, அதன்மேல் கிழங்கை உட்காரவைத்து, வேர்களை இரண்டு பக்கமும் இறக்கி மூடுங்கள், கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேல் வெயில் காய வேண்டும். ஆழமாகப் புதைத்தால் பூக்காது, அழுகவும் செய்யும். ரொம்ப வெயில் கொளுத்தும் இடத்தில் மட்டும் மெல்லியதாக மண் தூவலாம்.

பெயர்ச்சீட்டை நடுகிற அன்றைக்கே செருகுங்கள். பிளாஸ்டிக் சீட்டு வெயிலில் நொறுங்கும், மார்க்கர் எழுத்து வெளுக்கும், உலோகத் தகட்டில் அழுத்தி எழுதியதுதான் நிற்கும். சீட்டு மட்டும் போதாது, எந்தப் பாத்தியில் எந்த இடத்தில் எது என்று ஒரு வரைபடம் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். நாய், குழந்தை, களை பறிக்க வந்தவர் என்று யார் சீட்டை எடுத்தாலும் வரைபடம் இருக்கும்.

முதல் வருஷம் பூக்காமல் போனால் கவலைப்பட வேண்டாம், இரண்டாவது வருஷம் பார்க்கலாம். பூத்து முடிந்ததும் காய் பிடித்திருந்தால் ஒடித்துவிடுங்கள். விதை அங்கேயே விழுந்து முளைத்தால் அந்த நாற்று தாயைப் போல இருக்காது, ஆனால் தாயின் சீட்டுக்குக் கீழே வளரும், தாய்ச்செடியைவிட வேகமாகப் பரவி அதை நெருக்கிவிடவும் கூடும். பழைய வகைகள் பெயர் மாறிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை குத்தைப் பிரிக்கும்போதும் தோண்டுவதற்கு முன்னாலேயே இலையில் பெயர் எழுதிவிடுங்கள்.

முதல் பூ விரிந்த அன்று, வாங்கிய பெயரோடு பூ பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். அமெரிக்கன் ஐரிஸ் சொசைட்டி பதிவு செய்த வகைகளின் விவரங்களைப் பத்து வருஷத்துக்கு ஒரு தொகுப்பாக வெளியிட்டு வந்திருக்கிறது, 1939-ன் தொகுப்பு பழைய வகைகளுக்கு முதலில் புரட்ட வேண்டியது. உயரம், நிறம், பூக்கும் பருவம் மூன்றும் ஒத்துப்போனால் சரி. போகவில்லை என்றால் கொடுத்தவருக்குப் படங்களோடு சொல்லுங்கள், அவருடைய பாத்தியிலும் அதே குழப்பம் இருக்கலாம், அவர் தெரிந்துகொள்ளத்தான் விரும்புவார். பதில் வரும்வரை சீட்டைக் கழற்ற வேண்டாம், பெயருக்குப் பக்கத்தில் ‘பொருந்தவில்லை’ என்று எழுதி, அந்தக் குத்திலிருந்து யாருக்கும் கிழங்கு கொடுக்காமல் வையுங்கள்.